மலாயாப் பென்சனும் பலேர்மோப் பென்சனும்

பலேர்மோவின் கால்சாப் பகுதியில், பியாற்சா மரீனா என்ற சதுக்கத்தின் நடுவே, விழுதுவிட்ட பெருமரம் ஒன்று நிற்கிறது. அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அத்தியினம் அது. எங்களுக்கோ அது ஆலமரம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத பின்னேரங்களில் அதனடியில் கூடிப் பேசுவது எங்களுக்குப் பல வருடப் பழக்கம். எண்பதுகளில் அங்கே பேச்சு முழுவதும் 'சொஜோர்ணோ' என்ற வதிவிட அனுமதியைப் பற்றியதாக இருந்தது. தொண்ணூறுகளில் யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது என்பதாயிற்று. அதன்பின் யுத்தம், பிள்ளைகளின் படிப்பு, கலியாணம். இப்போது பேச்சு வேறு.

"அண்ணை, உங்களுக்கு எத்தினை வருசம் கட்டிக் கிடக்கு?"

"முப்பத்தியொரு வருசம் வேலை செய்தனான். பதினொண்டு எண்டு சொல்லுறாங்கள்."

இந்த இரண்டு வரியில்தான் எங்கள் கதை முழுவதும் கிடக்கிறது. முப்பத்தொரு வருடம் எப்படிப் பதினொன்றாயிற்று? மிச்சம் இருபது வருடமும் எங்கே போயிற்று? இது ஒருவருடைய கவலையீனமா, ஒரு சமூகத்தின் வரலாறா? இவற்றையே இங்கு எழுத முனைகிறோம். 1985இல் இருபத்தைந்து வயதில் இங்கு வந்திறங்கிய ஒருவருக்கு 2027இல் அறுபத்தேழு வயது. ஆகவே எங்கள் முதல் தலைமுறை இப்போதுதான் இந்தக் கேள்வியின் வாசலுக்கு வந்து நிற்கிறது. ஏனைய நாடுகளில் வாழும் எம்மவருக்கும் இதில் ஏதோவொரு பங்கு இருக்கும் என நம்புகிறோம்.

*

பென்சன் என்ற சொல் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் ஒரு காலத்தில் எங்கள் கிராமங்களின் மதிப்பு மரியாதையே அந்தச் சொல்லில்தான் தங்கியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து மிசன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்குப் போனார்கள். றெயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும், நில அளவைக் கந்தோர்களில் எழுதுவினைஞர்களாகவும், திறைசேரியிலும் தபால் இலாகாவிலும் கிராணிமாராகவும் உழைத்தார்கள். காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பிக் கல்வீடு கட்டினார்கள். கோயிலுக்கு மணிக்கோபுரமும் பள்ளிக்கூடத்துக்கு மண்டபமும் எழுப்பினார்கள். அவர்களை ஊர் 'மலாயன் பென்சனியர்' என்றே அழைத்தது. கடல் கடந்த அரசாங்கமொன்றின் பணம் மாதாமாதம் வந்து அவர்களைக் கிழவயதில் யாருடைய கையையும் பாராமல் வாழவைத்தது. உழைத்தது ஓரிடம், முதுமை கழிந்தது இன்னோரிடம். இரண்டையும் இணைத்த பாலம் பென்சன்.

உள்ளூரிலும் அப்படித்தான். இலங்கையில் அரச ஊழியரின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்குமான பென்சன் நிதிச் சட்டம் 1898இல் வந்தது. கவுண்மேந்து உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை என்றால் சீதனம் கூடியதற்கு அவருடைய சம்பளம் மட்டும் காரணமல்ல; அவர் கண்ணை மூடிய பிறகும் பெண்ணுக்கு ஏதோ வரும் என்ற உறுதியும் ஒரு காரணம்.

இந்தப் பெருமைக்குள் மறைந்து கிடந்த இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். அதே மலாயாவில் அதே காலத்தில் றப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளிக்கு அந்தப் பென்சன் கிடையாது. அங்கு ஊழியர் சேமலாப நிதி வந்ததே 1951இல். ஸ்டேசன் மாஸ்டரும் தோட்டத் தொழிலாளியும் ஒரே மொழி பேசினார்கள். அவர்களின் முதுமைகள் வேறுவேறாக இருந்தன. முதுமையைத் தீர்மானித்தது மொழியுமல்ல, உழைப்புமல்ல. அந்த உழைப்பை எந்தப் புத்தகத்தில் யார் பதிந்தார்கள் என்பதே தீர்மானித்தது.

இதை நாங்கள் பலேர்மோவுக்கு வந்தபிறகுதான் விளங்கிக்கொண்டோம்.

*

கால்சா என்ற பெயர் அரபுப் பெயர். 937ஆம் ஆண்டளவில் பாத்திமிய ஆட்சியாளர் தமது ஆளுநருக்கென்று கட்டிய மதிலூர் 'அல்-காலிசா'. கடலோரத்தில் கட்டப்பட்ட அந்தப் பகுதி நோர்மானியர், ஸ்பானியர் என்று பலர் கைமாறியது. 1943இல் நேசநாடுகளின் விமானங்கள் பலேர்மோவில் குண்டு பொழிந்தபோது இப்பகுதி மோசமாக நொருங்கியது. அதன்பின் வந்த பத்தாண்டுகளில் வசதியுள்ளவர்கள் நகரின் புறத்தே எழுந்த புதிய அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். இடிந்த வீடுகளும், ஒழுகும் கூரைகளும், வேறு போக்கிடமற்ற கிழவர் கிழவிகளும் பழைய நகரில் எஞ்சினார்கள். எண்பதுகளில் நாங்கள் வந்தபோது குறைந்த வாடகைக்கு எங்களுக்குக் கதவு திறந்தவை இத்தகைய வீடுகளே. கால்சாவிலும், பலாறோச் சந்தையைச் சுற்றியும், காப்போவிலும் ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேராக நாங்கள் இருந்தோம். குண்டு விழுந்த ஊரிலிருந்து ஓடிவந்து, குண்டு விழுந்த வீட்டில் குடியிருந்தோம் என்று அப்போது பகிடி விடுவோம்.

இந்தப் பகுதியில் முதுமையும் நோயும் பற்றிய இரண்டு பழைய சாட்சிகள் உண்டு. ஒன்று ஸ்பாசிமோ என்ற கூரையில்லாத கோயில். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கி முற்றாக முடிக்கப்படாத அந்தக் கட்டடம் காலப்போக்கில் ஏழைகளின் தங்குமடமாகவும் பின்னர் வைத்தியசாலையாகவும் பயன்பட்டது. 1986 வரை அங்கே நோயாளர்கள் இருந்தார்கள். இப்போது அங்கே சங்கீதக் கச்சேரி நடக்கிறது.

மற்றையது அபாத்தெல்லிஸ் மாளிகையில் உள்ள சுவரோவியம். பதினைந்தாம் நூற்றாண்டில் பலேர்மோவில் சிதறிக் கிடந்த சிறு மருத்துவ மடங்களை ஒன்றாக்கி ஸ்கிளாபானி மாளிகையில் ஒரு பெரிய வைத்தியசாலை தொடங்கினார்கள். அதன் முற்றத்துச் சுவரில் 1446ஆம் ஆண்டளவில் யாரோ ஒரு பெயர் தெரியாத ஓவியர் 'மரணத்தின் வெற்றி' என்ற படத்தைத் தீட்டினார். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சின்பின் அதைச் சுவரோடு பெயர்த்தெடுத்தார்கள். 1954 முதல் கால்சாவில் உள்ள இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலும்புக் குதிரையில் ஏறிவரும் மரணம் அம்பு எய்துகொண்டு போகிறது. அம்பு பட்டு விழுபவர்கள் பிரபுக்கள், சீமாட்டிகள், மதகுருமார். படத்தின் இடது ஓரத்தில் ஏழைகளும், ஊன்றுகோலோடு நிற்கும் முடவர்களும், நோயாளிகளும் கையெடுத்துக் கும்பிட்டு எங்களையும் கொண்டுபோ என்று கேட்கிறார்கள். மரணம் அவர்களைத் திரும்பிப் பாராமல் கடந்து போகிறது.

வைத்தியசாலைக்குள் கிடந்தவர்கள் தினமும் பார்த்த படம் இது. சாவு பொதுவானது என்று நாங்கள் சொல்வதுண்டு. சாவுக்கு முன்னால் உள்ள வருடங்கள் பொதுவானவையல்ல என்பதை அந்த ஓவியர் அறிந்திருக்கிறார்.

*

இந்த வருடங்களைப் பற்றிய எங்கள் கதை, நாங்கள் இங்கு என்ன பெயரில் ஏற்றுக்கொள்ளப்பட்டோம் என்பதில் தொடங்குகிறது.

நோர்வேக்கும் யேர்மனிக்கும் கனடாவுக்கும் போனவர்கள் அகதி என்று விண்ணப்பித்தார்கள். முகாமில் இருந்தார்கள், வழக்குப் பேசினார்கள். எங்களுக்கு அந்த வாசலே இருக்கவில்லை. ஜெனீவா அகதிகள் சாசனத்தை இத்தாலி ஏற்றபோது, ஐரோப்பாவில் நடந்த சம்பவங்களால் அகதியானவர்களையே ஏற்பதென்ற புவியியல் வரையறையை வைத்திருந்தது. சில விசேட விதிவிலக்குகளைத் தவிர ஆசியாவிலிருந்து வந்தவன் சட்டப்படி அகதியாக முடியாது. 1990 பெப்ரவரியில் நிறைவேறிய மார்த்தெல்லிச் சட்டந்தான் அந்த வரையறையை நீக்கியது. அதற்குள் எங்களில் பலர் வந்து நாலைந்து வருடம் ஆகிவிட்டது.

ஆகவே எங்களுக்குக் கிடைத்த வழி 'சனத்தோரியா' எனப்படும் பொதுமன்னிப்பு. 1986, 1990, 1995, 1998, 2002, 2009 என்று அரசாங்கம் இடைக்கிடை கதவைத் திறந்தது. வேலை தருபவர் ஒருவர் கையெழுத்து வைத்தால் அனுமதி கிடைக்கும். கையெழுத்து வைக்க முன்வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரச் சிஞ்ஞோராக்கள். இப்படித்தான் ஊரில் வாத்தியாராக இருந்தவரும், தபாற்கந்தோரில் இருந்தவரும், கமம் செய்தவரும், பல்கலைக்கழகத்தை இடைநடுவில் விட்டவரும் ஆண் பெண் வேறுபாடின்றி 'கொல்ஃப்' ஆனோம். வீட்டுப் பணியாளருக்கு இத்தாலியர் வழங்கும் சுருக்கப்பெயர் அது. ஊரில் அரசாங்க வேலையை விட்டு ஓடிவந்தவர்கள், பதவியைக் கைவிட்டதாகக் கருதப்பட்டு அங்கிருந்த பென்சனையும் இழந்தார்கள்.

வேலை கிடைத்ததே, அது போதாதா என்று அன்று நினைத்தோம். ஆனால் அகதி என்ற பெயரும் தொழிலாளி என்ற பெயரும் முதுமையில் வேறு வேறு இடங்களில் கொண்டுபோய் விடுகின்றன. பொது உதவியிலும் சமூகப் பாதுகாப்பிலும் அகதியை அந்நாட்டுப் பிரசைக்குச் சமமாக நடத்தவேண்டும் என்று ஜெனீவாச் சாசனத்தின் 23ஆம் 24ஆம் பிரிவுகள் சொல்கின்றன. தொழிலாளிக்கு அப்படியல்ல. அவன் கட்டியது எவ்வளவோ அவ்வளவுதான் அவன்.

*

நாங்கள் செய்த வேலை என்ன? இத்தாலி உலகின் மிக முதிய சனத்தொகைகளில் ஒன்று. பிள்ளைகள் வடக்கே மிலானோவுக்கும் தொறினோவுக்கும் போய்விட, சிசிலியின் பெரிய வீடுகளில் முதியவர்கள் தனித்தார்கள். கூட்டித் துடைக்கவும் சமைக்கவும் போன நாங்கள் நாளடைவில் அவர்களைக் குளிப்பாட்டவும், மருந்து கொடுக்கவும், இரவில் புரட்டிப் படுக்கவைக்கவும் பழகினோம். 'பதாந்தே' என்ற சொல் பின்னர் வழக்கில் வந்தது. கவனித்துப் பார்த்துக்கொள்பவர் என்பது அதன் பொருள். எங்கள் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில் பங்கருக்குள் இருந்த காலத்தில் நாங்கள் இன்னொருவருடைய தாய் தகப்பனுக்குச் சோறூட்டினோம். இதைப் பெருமையாகவும் சொல்லலாம், துயரமாகவும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

மறதி நோய் முற்றியவர்கள் சிலர் பள்ளிக்கூடத்தில் படித்த இத்தாலியனை மறந்து தாய்மொழியான சிசிலியனை மட்டும் பேசினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கே விளங்காத அந்தப் பேச்சு எங்களுக்கு விளங்கியது. எங்களில் பலர் மொழி படித்தது இப்படிச் சாகக்கிடந்தவர்களின் வாயிலிருந்துதான். இதை ஏன் சொல்கிறோம் என்பதைப் பின்னர் காண்போம்.

இந்த வேலைக்கான பங்களிப்புப் பணத்தை, எங்கள் வாயில் 'கொந்திரிபூத்தி', மூன்று மாதத்துக்கொருமுறை வேலைதருபவர் தபாற்கந்தோரில் கட்டவேண்டும். வீட்டுப் பணியாளருக்கு 1971இன் இறுதியில் வந்த விதிகளின்படி ஒரு வாரம் முழுவாரமாகக் கணக்கில் ஏற, இருபத்துநாலு மணித்தியாலத்துக்குப் பணம் கட்டப்பட்டிருக்கவேண்டும். இந்த இருபத்துநாலு என்ற இலக்கத்தை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குப் போய் இரவு திரும்பியவருக்கு வாரம் பத்து மணித்தியாலம் என்று பதிந்தார்கள். கட்டணத்தைக் குறைக்க அது வழி. நாங்களும் மறுக்கவில்லை, ஏனென்றால் அனுமதியைப் புதுப்பிக்க ஒரு கடதாசி கையில் இருந்தால் போதும் என்று இருந்தோம். பத்து மணித்தியாலக் கணக்கில் இருபது வருடம் உழைத்தால் புத்தகத்தில் பத்து வருடம்கூட ஏறாது. 2009ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்பில் வீட்டு வேலைக்கு ஆகக்குறைந்தது வாரம் இருபது மணித்தியாலம் கேட்கப்பட்டது. அனுமதிக்கு இருபது போதும். பென்சனுக்கு இருபத்துநாலு வேண்டும். இடையிலுள்ள நாலு மணித்தியாலம் முதுமையில் வந்து தட்டுகிறது.

சில வீடுகளில் கட்டவேயில்லை. கட்டுகிறோம் என்றார்கள், நாங்களும் நம்பினோம். கட்டாத பணத்தைக் கேட்டுப் பெறுவதற்கான காலம் ஐந்து வருடம் என்று 1995ஆம் ஆண்டின் சட்டம் சுருக்கியது. கட்டவில்லை என்பது எங்களில் பலருக்குத் தெரியவந்ததோ இருபது வருடம் கழித்து.

முப்பத்தொன்று பதினொன்றான கணக்கு இதுதான்.

*

இனிச் சட்டங்களைப் பார்ப்போம். இது வரட்சியான பகுதிதான். ஆனால் எங்களின் முதுமை இதற்குள்தான் இருக்கிறது.

இத்தாலியில் முதுமைக்கு இரண்டு வகைப் பணம் உண்டு. ஒன்று உழைத்துக் கட்டியதற்கான பென்சன். மற்றையது ஒன்றுமில்லாத வயோதிபருக்கு அரசு கொடுக்கும் உதவிப்பணம். இந்த இரண்டாவதை 1969இல் 'சமூகப் பென்சன்' என்று தொடங்கினார்கள். அது இத்தாலியப் பிரசைகளுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 1995இல் டீனி அரசாங்கம் கொண்டுவந்த 335ஆம் இலக்கச் சட்டம் இரண்டு வகையையும் மாற்றியது.

உழைப்புப் பென்சனில், 1996 ஜனவரி முதலாம் திகதிக்குப் பிறகு முதன்முதலாகப் பணம் கட்டத் தொடங்கியவருக்கு, கட்டிய தொகையை வைத்தே பென்சன் கணிக்கப்படும். குறைந்தபட்ச பென்சன்வரை அரசு நிரப்பிக் கொடுக்கும் பழைய ஏற்பாடு அவர்களுக்கு இல்லை. 1995 டிசம்பர் 31க்கு முன் ஒரே ஒரு வாரமாவது பதிந்திருந்தால் நிலைமை வேறு. இருபது வருடம் பூர்த்தியாகி, வேறு வருமானமும் குறைவாக இருந்தால் பென்சன் 2025ஆம் ஆண்டுக் கணக்கில் மாதம் 603 யூரோ வரை நிரப்பப்படும். 1994இல் யாரோ ஒரு சிஞ்ஞோரா நல்ல மனதோடு கட்டிய ஒரு துண்டு இன்று ஒருவருடைய பென்சனின் தன்மையையே மாற்றுகிறது. அதுமட்டுமல்ல, ஏனைய தொழிலாளருக்குச் சம்பளத்தின் 33 சதவீதம் பென்சன் கணக்கில் சேர்கிறபோது வீட்டுப் பணியாளருக்குச் சேர்வது ஏறக்குறைய அதில் பாதி. இருபது வருடம் நிறைந்தாலும் வரும் தொகை சிறியது. முழுவதும் புதிய கணக்கில் வருபவருக்கு, அந்தத் தொகை அரச உதவிப்பணத்தின் அளவையாவது எட்டாவிட்டால், 67 வயதில் பென்சன் கிடையாது. 71 வரை காத்திருக்கவேண்டும்.

ஊர் திரும்புபவர் விடயம் இன்னும் சிக்கலானது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்த தொழிலாளி நாட்டைவிட்டுப் போகும்போது கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். 2002இல் வந்த பொஸ்ஸி-பீனிச் சட்டம் அதை நிறுத்தியது. பதிலாக, முழுவதும் புதிய கணக்கில் உள்ளவர் ஊர் திரும்பினால், இருபது வருடம் இல்லாவிட்டாலும் ஓய்வு வயதில் பென்சன் கேட்கலாம் என்றது. அன்று அந்த வயது 65, இன்று 67. ஆனால் 1996க்கு முன் கட்டத் தொடங்கியவர் ஊரிலிருந்து கேட்பதற்கு இருபது வருடம் கட்டாயம். ஆக, 1994இல் ஏறிய அதே ஒரு வாரம் இங்கே தங்குபவருக்கு வரம், குறைந்த வருடங்களோடு ஊர் போகிறவருக்குத் தடை. இத்தாலிக்கும் இலங்கைக்கும் இடையில் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை எதுவும் இல்லை. இங்கு கட்டிய வருடத்தையும் அங்கு கட்டிய வருடத்தையும் கூட்ட வழியில்லை. இங்கிருந்து பிரான்சுக்கோ யேர்மனிக்கோ போய் உழைத்தவர்கள் மட்டும் ஐரோப்பிய விதிகளின்படி இரண்டு நாட்டு வருடங்களையும் சேர்த்துக் கணக்கிடலாம். பலருக்கு இது தெரியாது.

இரண்டாவது வகையான உதவிப்பணம் 1998இல் ஒரு வருட அனுமதி உள்ள வெளிநாட்டவருக்கும் திறந்துவிடப்பட்டது. 2000 டிசம்பரில் வந்த வரவுசெலவுச் சட்டம் அதை நீண்டகால வதிவிட அட்டை உள்ளவருக்கு மட்டும் எனச் சுருக்கியது. 2009இலிருந்து பத்து வருடத் தொடர்ச்சியான வதிவிடமும் சேர்க்கப்பட்டது. அட்டை கேட்பது நியாயமே என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. அரசு அங்கீகரித்த அகதியிடம் அந்த அட்டை கேட்கப்படுவதில்லை. எண்பதுகளில் மூடியிருந்த வாசல் நாற்பது வருடம் கழித்தும் எங்களைத் தொடர்கிறது.

2025இல் இந்த உதவிப்பணம் மாதம் ஏறக்குறைய 538 யூரோ. இத்தாலியில் இருந்தால்தான் கிடைக்கும். இருபத்தொன்பது நாளுக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் நிறுத்தப்படும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். கொடியேற்றத்துக்குப் போய்ப் பூங்காவனம் பார்த்துவிட்டுத் திரும்ப நாள் சரி. இதற்கு மேல் ஊரில் படுத்தால் காசு இல்லை.

மலாயாப் பென்சன் ஆளைத் தேடி ஊருக்கு வந்தது. பலேர்மோவின் இந்தப் பணம் ஆளை இங்கே கட்டிவைக்கிறது. வேறுபாடு இதுதான். ஸ்டேசன் மாஸ்டரின் பேரன் என்று எங்களை நினைத்துக்கொண்டு புறப்பட்டோம். பதிவுப் புத்தகத்தில் றப்பர்த் தோட்டத்துத் தொழிலாளிக்குப் பக்கத்தில் எங்கள் பெயர் இருக்கிறது. ஊரில் அந்தத் தொழிலாளியை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது.

*

நன்மைகளையும் மறைக்கக்கூடாது. 1978 டிசம்பரில் உருவான இத்தாலியத் தேசிய சுகாதார சேவை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அனுமதி உள்ளவருக்குப் பிரசைக்குள்ள அதே வைத்தியம். 1998ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி இல்லாதவருக்கும் அவசரமானதும் அத்தியாவசியமானதுமான வைத்தியத்தை உறுதிசெய்தது. நடக்கவோ தன் காரியத்தைத் தானே பார்க்கவோ முடியாதவருக்கு 1980இன் சட்டப்படி துணையாளர் கொடுப்பனவு உண்டு. வயதும் வருமானமும் அதற்குத் தடையல்ல. 2025இல் மாதம் 542 யூரோ. நீண்டகால அட்டைக்கான வருமான நிபந்தனையைக் காட்டி இதை வெளிநாட்டவருக்கு மறுப்பது பிழையென்று 2008இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனையோ சிசிலிய முதியவருக்கு இந்தக் கொடுப்பனவு வந்ததை நாங்கள் அறிவோம். எங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி அதிலிருந்துதான் வந்தது. எங்களில் ஒருவர் பாரிசவாதத்தில் விழுந்தபோதோ, அது அவருக்கும் உரியதென்று எங்களுக்கு உடனே தோன்றவில்லை.

பெற்றோரைக் கூப்பிட்டவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். 2008 இறுதியிலிருந்து, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட தாய் தகப்பனை அழைப்பதென்றால், ஊரில் உள்ள ஏனைய பிள்ளைகள் கடும் நோயினால் அவர்களைப் பார்க்க முடியாதவர்கள் என்று காட்டவேண்டும். அவர்களுக்கு வைத்தியக் காப்புறுதியும் வேண்டும், அல்லது காசு கட்டிச் சுகாதார சேவையில் பதியவேண்டும். 2024இலிருந்து அந்தக் கட்டணம் வருடத்துக்கு ஆகக்குறைந்தது 2000 யூரோ. யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்கு, எஞ்சிய பிள்ளைகளின் நோயை நிரூபிக்கும்படி கேட்பது எத்தகையது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கமாட்டார்கள்.

முழங்காலும் முதுகும் எங்களுக்குத் தொழில் தந்த நோய்கள். படிகளில் வாளி தூக்கியதும், ஆளைத் தூக்கிப் படுக்கவைத்ததும் அறுபதில் கேட்கின்றன. சலரோகமும் பிறசரும் சேர்ந்துகொள்கின்றன. 1624ஆம் ஆண்டின் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவளாக இவ்வூரார் நம்பும் சாந்தா றொசலியாவின் குகைக்கோயிலுக்கு, சைவர் வேதக்காரர் என்ற பேதமின்றி நாங்களும் பெல்லெகிறீனோ மலையேறிப் போகிறோம். முன்பு நேர்த்தி அனுமதிக்காகவும் பிள்ளைவரத்துக்காகவும் வைக்கப்பட்டது. இப்போது முழங்காலுக்காக. அந்த முழங்காலோடு மலையேற முடியாதவர்கள் பஸ்ஸில் போகிறார்கள்.

முன்னே சொன்ன மறதி நோய்க்கு இப்போது வருவோம். அந்நோய் பின்னால் கற்ற மொழியை முதலில் எடுத்துச்செல்வது உண்டு என்பதைக் கட்டிலருகில் இருந்தே அறிந்தோம். சிசிலியக் கிழவிக்குச் சிசிலியன் விளங்கும் தமிழிச்சி ஒருத்தி அருகில் இருந்தாள். எங்களில் ஒருவர் நாளை இத்தாலியனை மறந்து, தண்ணி வேணும் என்று தமிழில் கேட்கும்போது, அருகில் யார் இருப்பார்? எங்கள் பிள்ளைகளில் பலர் மிலானோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். சிசிலியருக்கு நடந்தது எங்களுக்கும் நடந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்கு நாங்கள் இருந்தோம்.

*

இதற்கெல்லாம் அரசை மட்டும் குறைசொல்லித் தப்பிவிட முடியாது. இந்த நாற்பது வருடத்தில் நாங்கள் சங்கங்கள் கட்டினோம். கோயில் வைத்தோம், தமிழ்ப் பள்ளி நடத்தினோம், விளையாட்டுப் போட்டி வைத்தோம், ஊருக்கு அனுப்பினோம், கேட்டவர்களுக்கெல்லாம் காசு கொடுத்தோம். மண்டபங்களில் எத்தனையோ கூட்டம் நடந்தது. உங்கள் சிஞ்ஞோரா எத்தனை மணித்தியாலத்துக்குக் கட்டுகிறா, துண்டு வைத்திருக்கிறீர்களா என்று கேட்ட கூட்டம் ஒன்றையாவது எங்களுக்கு ஞாபகமில்லை. வீட்டு வேலை செய்கிறோம் என்பதை ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டோம். வெட்கப்பட்ட வேலையின் உரிமையை எப்படிக் கேட்பது? இங்கே தற்காலிகமாகத்தான் நிற்கிறோம், பிரச்சினை முடிந்ததும் போய்விடுவோம் என்ற நினைப்பும் எங்களை மறித்தது. திரும்பிப் போகிறவனுக்கு எதற்குப் பென்சன் கணக்கு? 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த நினைப்பையும் தொடர்ந்து வைத்திருக்க முடியவில்லை.

இன்று எங்கள் முன் இரண்டு முதுமைகள் உள்ளன. இங்கே நின்றால் வைத்தியம் உண்டு, சிறு பணம் உண்டு, அருகில் ஆள் இல்லை. ஊருக்குப் போனால் முற்றமும் மொழியும் உண்டு, உறவும் கொஞ்சம் இருக்கலாம். வைத்தியமும் பணமும் நிச்சயமில்லை. மலாயன் பென்சனியர் இந்த இரண்டில் ஒன்றைத் தெரியவேண்டி வரவில்லை.

ஆனாலும் செய்யக்கூடியது சில உண்டு. தொழிற்சங்கங்களை அண்டி 'பாத்ரொனாத்தோ' என்ற இலவச உதவிக் கந்தோர்கள் பலேர்மோவில் பல இருக்கின்றன. அங்கே போய்ப் பங்களிப்புக் கணக்குப் பத்திரம் வேண்டுமென்று கேட்டால் எத்தனை வாரம் ஏறியிருக்கிறது என்று எடுத்துத் தருவார்கள். அறுபத்தாறில் கேட்டால் அழத்தான் முடியும். நாற்பத்தைந்தில் கேட்டால் கடந்த ஐந்து வருடத்தையாவது மீட்கலாம், மணித்தியாலத்தை இருபத்துநாலுக்கு உயர்த்தும்படி சிஞ்ஞோராவிடம் பேசலாம். எங்களுக்குப் பின் வந்தவர்களுக்கு, இப்போது அதே வீடுகளில் வேலை செய்யும் மற்ற நாட்டுப் பெண்களுக்கும், நாங்கள் கொடுக்கக்கூடிய சொத்து இந்த அறிவுதான்.

மரத்தடியில் அன்று பதினொன்று என்று சொன்ன அண்ணை, அடுத்த ஞாயிறு ஒரு பிளாஸ்ரிக் பையோடு வந்தார். உள்ளே பழைய தபாற்துண்டுகள், மங்கிய முத்திரைகளுடன், முருகன் கலண்டர்த் தாளில் சுற்றியபடி. மனுசி எறியாமல் வைத்திருந்திருக்கிறா. வாங்கில் பரப்பிவைத்து ஆளுக்கொரு கட்டாக எடுத்து வருடவாரியாக அடுக்கினோம். கணக்கில் ஏறாத மூன்று காலாண்டுகள் அதற்குள் இருந்தன. திங்கட்கிழமை காலை அவரோடு கந்தோருக்குப் போக இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள்.